எல்லாம் கறுப்புத்தானே?

ஒன்றுபோல் தோன்றும் இரண்டைப் பிரித்தறிவதே அறிவின் முதற்படி என்று, குருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு மெய்யியல் கற்பித்த பேராசிரியர் அடிக்கடி கூறுவார். ஒரு பொருளை வரையறுக்க வேண்டுமானால், முதலில் அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு அந்த இனத்துக்குள் மற்றவற்றினின்று அதைப் பிரித்துக் காட்டும் வேறுபாடு எது என்று சொல்ல வேண்டும். அரிஸ்டாட்டிலிடமிருந்து இடைக்கால இறையியலார் வழியாக எங்கள் வகுப்பறைக்கு வந்து சேர்ந்த பாடம் அது. இனத்தைச் சொல்வது எளிது. வேறுபாட்டைச் சொல்வதற்குத்தான் உழைப்பு வேண்டும். தேர்வுக்காக நாங்கள் மனனம் செய்த அந்தப் பாடத்துக்குச் சிறகு முளைத்ததைப் பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நாட்டில், மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் நான் கண்டேன்.

ஆயரின் அனுமதியோடு சில ஆண்டுகள் ஆர்க்கன்சா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறிய பங்கில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நெல் விளையும் பூமி அது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே மிகுதியாக நெல் விளைவிக்கும் மாநிலம் ஆர்க்கன்சாதான். அறுவடை முடிந்த வயல்கள் தஞ்சைத் தரணியை நினைவூட்டின. எலும்பைத் துளைக்கும் குளிர் மட்டும் அது வேற்று நாடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் வயல்களின்மேல் கரும்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடும். புகைத்திரள்போல் எழும், வளையும், மீண்டும் தாளடி நிலத்தில் இறங்கும். ஊரார் அவற்றைப் 'பிளாக்பேர்டு' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவார்கள். பயிரைத் தின்பவை, மரத்தடியை அசுத்தம் செய்பவை, கூட்டமாக வந்து கத்துபவை என்பதற்குமேல் அவற்றைப்பற்றிப் பேச்சு வளர்வதில்லை.

அந்தப் பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் அப்பெயர் இனிமையாகப் பாடும் ஒரு பறவைக்கு உரியது. கடல் கடந்து குடியேறியவர்கள், புதிய நாட்டில் கண்ட வேறொரு குடும்பத்துப் பறவைகளுக்கு, நிறத்தை மட்டும் பார்த்து அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். வாசக அன்பர்களே, நம் ஊரிலும் கறுப்புப் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கழுத்தில் சாம்பல் நிறம் படர்ந்த காக்கையையும், முழுதும் கறுத்த அண்டங்காக்கையையும் நம் கிராமத்துப் பாட்டிமார் ஒன்றாகச் சொல்வதில்லை. பிளவுபட்ட வாலுடைய கரிச்சான் வேறு. சிவந்த கண்ணுடைய ஆண் குயில் வேறு. பெயர்கள் தனித்தனியே இருப்பதால் பறவைகளும் நம் கண்ணுக்குத் தனித்தனியே தெரிகின்றன.

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிப்பவர். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் தவறாமல் பங்கேற்பவர். அந்தக் கணக்கெடுப்புக்கு ஓர் அழகான வரலாறு உண்டு. கிறிஸ்து பிறப்பு நாளில் குழு குழுவாகப் பிரிந்து, யார் மிகுதியாகப் பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டியிடும் வழக்கம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் இருந்தது. பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் 1900-ஆம் ஆண்டில், சுடுவதற்குப் பதிலாக எண்ணுங்கள் என்று அழைப்பு விடுத்தார். அன்று தொடங்கிய எண்ணிக்கை இன்றும் நடந்து வருகிறது. பாலன் இயேசு பிறந்த நாளில் துப்பாக்கி கீழே வைக்கப்பட்டு ஏடும் எழுதுகோலும் எடுக்கப்பட்டன என்பது எனக்குத் தனி மகிழ்ச்சியைத் தந்தது.

ஒரு டிசம்பர் மாதத்து மாலையில் அவர் தம் பேரனோடு என்னையும் வயல்வெளிக்கு அழைத்துச் சென்றார். பத்து வயதுச் சிறுவன் அவன். பறவைத் திரளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, எல்லாம் கறுப்புத்தானே? இதில் எதைப் பிரித்து எழுதுகிறீர்கள்?" என்று சலித்துக்கொண்டான். முதியவர் தொலைநோக்கியை அவன் கையில் கொடுத்து, "நிறத்தை விட்டுவிடு. கண்ணைப் பார். பிறகு அது எங்கே நிற்கிறது என்று பார்" என்றார்.

அந்தக் கூட்டத்தில் தோளில் சிவப்புப் பட்டை அணிந்தவை இருந்தன. நீண்ட வாலுடைய கிராக்கிள்கள் இருந்தன. இவற்றை அடையாளம் காண்பது கடினமன்று. யூஃபகஸ் என்னும் ஒரே பேரினத்தில் இன்று உயிரோடிருக்கும் இரண்டே இரண்டு சிற்றினங்களைப் பிரித்தறிவதில்தான் கடினம் தொடங்குகிறது. அப்பெயருக்குக் கிரேக்கத்தில் 'நன்றாக உண்பது' என்று பொருள். ஒன்று 'ரஸ்டி' கரும்பறவை; துருவேறிய இரும்பின் நிறத்தால் பெயர் பெற்றது. அதைத் துருநிறக் கரும்பறவை என்போம். மற்றொன்று புரூவர் கரும்பறவை. 19-ஆம் நூற்றாண்டில் பாஸ்டனில் வாழ்ந்த தாமஸ் மேயோ புரூவர் என்ற பறவையியலாளரின் பெயரைத் தாங்கியது. மனிதர் பெயரால் வழங்கும் பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் கழகம் 2023-இல் அறிவித்திருப்பதால், இந்தப் பெயர் ஒருநாள் மறையவும் கூடும்.

இரண்டும் ஏறத்தாழ 9 அங்குல நீளமுடையவை. நம் மைனாவின் அளவு. இரண்டிலும் ஆண் பறவை கறுப்பு. இரண்டிலும் ஆணின் கண் வெளிர்மஞ்சள். வெயில் படும்போது புரூவர் பறவையின் தலையில் ஊதாவும், உடலில் நீலங்கலந்த பச்சையும் பளபளக்கும். துருநிறப் பறவையிடம் அவ்வளவு பளபளப்பு இல்லை. மங்கிய கறுப்பில் பச்சையின் சாயல் மட்டும் தெரியும். மேகம் மூடிய நாளில் இந்த அடையாளம் உதவாது. அப்போது பெண் பறவையைத் தேட வேண்டும். புரூவர் இனத்தின் பெண்ணுக்குப் பெரும்பாலும் கருவிழி; துருநிற இனத்தின் பெண்ணுக்கோ ஆணைப்போலவே வெளிர்மஞ்சள் விழி. அலகையும் நோக்க வேண்டும். துருநிறப் பறவையின் அலகு சற்று மெலிந்தது.

நிற்கும் இடமும் ஓர் அடையாளம். புரூவர் பறவை திறந்தவெளியின் பிள்ளை. மேய்ச்சல் நிலம், மாட்டுப்பட்டி, புல்வெளி, நகரத்தில் கார்கள் நிற்கும் திடல் எல்லாம் அதற்கு வீடு. துருநிறப் பறவை மரங்கள் சூழ்ந்த சதுப்புநிலத்தை நாடுகிறது. கணுக்காலளவு நீரில் நின்று, ஊறிய சருகுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் ஒளிந்திருக்கும் பூச்சிகளைத் தின்கிறது. அதன் குரலோ, எண்ணெய் காணாத பழைய கதவின் கீல் போன்றது.

இன்னொரு செய்தியையும் அந்த முதியவர் சொன்னார். இலையுதிர் காலத்தில் துருநிறப் பறவையின் இறகுகளுக்குத் துருநிற ஓரம் உண்டு. கண்ணுக்குமேல் வெளிறிய கோடும், கண்ணைச் சுற்றிக் கருந்திட்டும் இருக்கும். வசந்தத்தில் அது கறுப்பாக மாறிவிடுகிறது. அதற்காக அது புதிய இறகு அணிவதில்லை. குளிர்காலம் முழுவதும் அந்த ஓரங்கள் மெல்ல மெல்லத் தேய்ந்து உதிர, உள்ளிருந்த கறுப்பு வெளிப்படுகிறது. "தேய்வதாலேயே திருமணக்கோலம் பெறும் பறவை, ஃபாதர்" என்று சொல்லி அவர் சிரித்தார். தவக்கால மறையுரை ஒன்றுக்கு அது எனக்குப் பொருளாயிற்று.

சரி, இந்த இரண்டையும் பிரித்தறிவதால் ஆவது என்ன? பறவை நோக்குவோரின் பொழுதுபோக்குத்தானே என்று சிலர் கேட்கக்கூடும். அப்படி நினைத்து உலகம் வாளாவிருந்த காலத்தில்தான் ஒரு பெரும் இழப்பு ஓசையின்றி நிகழ்ந்தது.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, துருநிறக் கரும்பறவையின் எண்ணிக்கை 85 முதல் 95 விழுக்காடு வரை குறைந்துவிட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பத்தில் ஒன்பது போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு பெரிய வீழ்ச்சி பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் உறைக்கவில்லை. ஏன்? அது கூடு கட்டுவது அலாஸ்கா முதல் நியூஃபவுண்ட்லாந்து வரை பரந்த வடபுலத்து ஊசியிலைக் காடுகளின் சதுப்புகளில். 1966-இல் தொடங்கிய இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்போ சாலையோரமாக நடப்பது. சாலை இல்லாத காட்டுக்குள் அது எட்டவில்லை. குளிர்காலத்தில் தெற்கே வரும்போது அது மற்ற கரும்பறவைகளின் திரளில் கலந்துவிடுகிறது. திரள் எப்போதும்போல் பெரிதாகவே இருந்தது. ஆகவே அதற்குள் ஓர் இனம் கரைந்துகொண்டிருந்தது தெரியவில்லை. போதாக்குறைக்கு, அந்தத் திரள் முழுவதையும் மக்கள் தொல்லை என்றே எண்ணினார்கள். தொல்லை குறைகிறதே என்று யாராவது கவலைப்படுவார்களா?

1999-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் கிரீன்பெர்க், சாம் டிரோகி என்ற இரு ஆய்வாளர்கள் இதை உலகுக்கு எடுத்துரைத்தார்கள். அவர்கள் கையாண்ட வழி என்னை வியக்கவைத்தது. பழைய எண்ணிக்கைகள் போதாமையால், அவர்கள் பழைய நூல்களைத் திறந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு முதல் எழுதப்பட்ட பறவை நூல்களிலும் வட்டாரப் பட்டியல்களிலும், இந்தப் பறவையைப்பற்றி எழுதியவர்கள் 'மிகுதி' என்றார்களா, 'சாதாரணமாகக் காண்பது' என்றார்களா, 'அரிது' என்றார்களா என்று ஒவ்வொன்றாகத் திரட்டினார்கள். பழையவர்களிடம் நிறைந்திருந்த 'மிகுதி', காலம் செல்லச் செல்லத் தேய்ந்து போயிருந்தது. என்றோ ஒருவர் கவனித்துப் பார்த்து, சரியான பறவைக்குச் சரியான பெயரைச் சொல்லி, ஒரு சொல் எழுதி வைத்திருந்தார். நூறு ஆண்டு கழித்து அந்தச் சொல்லே சாட்சியாக வந்து நின்றது.

காரணம் ஒன்றல்ல. மிசிசிப்பியின் கீழ்ச்சமவெளியில் முன்பிருந்த ஆற்றோரக் காடுகளில் முக்கால் பங்குக்குமேல் அழிக்கப்பட்டு விளைநிலமாயிற்று. நான் தஞ்சையை நினைத்து மகிழ்ந்த அந்த வயல்களும் ஒருகாலத்தில் இப்பறவையின் குளிர்கால வீடாக இருந்த காடுகளே. வடகிழக்கில் கூடு கட்டும் பறவைகளின் உடலில் பாதரசம் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. வடபுலத்துச் சதுப்புகள் வறண்டு வருகின்றன. கரும்பறவைகளை ஒழிப்பதற்காக மனிதர் மேற்கொண்ட முயற்சிகளிலும் எத்தனையோ மடிந்திருக்கக்கூடும்.

சட்டமும் இந்தக் கதையில் இடம்பெறுகிறது. பயிருக்குத் தீங்கு செய்யும் கரும்பறவைகளைத் தனி உரிமம் இன்றியே கொல்லலாம் என்று அமெரிக்கக் கூட்டரசின் ஆணை ஒன்று நெடுங்காலமாக அனுமதித்து வந்தது. அப்பட்டியலில் இரு பறவைகளும் இருந்தன. துருநிறப் பறவையின் நிலை தெரிந்த பிறகு, 2010-இல் அதன் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. புரூவர் பறவையின் பெயர் நீக்கப்படவில்லை. எண்ணிப் பாருங்கள். துப்பாக்கி ஏந்தி வயலில் நிற்கும் உழவர், விசையைத் தொடுமுன் அந்தப் பறவை எது என்று பார்த்தாக வேண்டும். கருவிழியா, மஞ்சள் விழியா என்பது அங்கே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாகிவிட்டது. இப்பறவைக்கென்று 2005-இல் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று அமைந்தது. 2014 முதல் 2016 வரை மூன்று வசந்தங்களில், அது வடக்கே திரும்பும் வழிகளில் நின்று எண்ணும்படி பொதுமக்கள் அழைக்கப்பட்டார்கள். பறவைக்கு இன்னும் ஆபத்து நீங்கவில்லை. ஆயினும் அதன் பெயரைச் சொல்லித் தேடுவோர் இன்று இருக்கிறார்கள்.

படைப்பில் ஏன் இத்தனை வேறுபாடு என்ற வினாவை எழுப்பிய தூய தாமஸ் அக்குவினாஸ், இறைவனின் நன்மை முழுவதையும் ஒரே படைப்பு எடுத்துக்காட்ட இயலாது என்பதால் அவர் பலவற்றையும் வெவ்வேறாகப் படைத்தார் என்று விளக்குகிறார். ஒன்றில் குறைவது மற்றொன்றில் நிறைகிறது. அப்படியானால் இரு பறவைகளுக்கு இடையே உள்ள மெல்லிய வேறுபாடும் ஒரு செய்தியைத் தாங்கியிருக்கிறது. தொடக்கநூலின் முதல் மனிதனும், தன்முன் கொண்டுவரப்பட்ட உயிர்களுக்குப் பெயரிட வேண்டியிருந்தது. பெயரிடுவதற்கு முன் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும். 'பிளாக்பேர்டு' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் அந்த நேரம் மிச்சமாகிறது. மிச்சம் பிடித்த அந்த நேரத்துக்கு விலை கொடுப்பது நாம் அல்ல; பார்க்கப்படாமல் போனவர்.

இதை எழுதும்போது என் தாய்நாட்டுப் பங்கில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. தேரிக்காட்டை ஒட்டிய ஊர் அது. அந்தோணியம்மாள் என்ற பெயரில் மட்டும் பதினொரு பெண்கள் குடும்பப் பதிவேட்டில் இருந்தார்கள். ஒரு திருவிழாவின் நவநாட்களில், கோவில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது, எங்கள் உபதேசியார் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, "சாமி, வடக்கு வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து உட்காரும் அந்தோணியம்மாவை இரண்டு நாளாகக் காணோம்" என்றார். அக்கம்பக்கத்தாரை விசாரித்தால், "நேற்றுக்கூடக் கடையில் பார்த்தோமே" என்றார்கள். அவர்கள் பார்த்தது வேறோர் அந்தோணியம்மாளை. இருவரும் கைம்பெண்கள், இருவருக்கும் மெலிந்த தேகம், வெள்ளைச் சேலை. உபதேசியாரோ உறுதியாக, "அது காணிக்கைக் காசைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர். இவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுப்பவர். நான் சொல்வது இவரை" என்று கூறிவிட்டு, நேரே அந்த வீட்டுக்கு நடந்தார். தாழிட்ட கதவுக்குள் இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்க இயலாமல் அந்தத் தாய் கிடந்தார். மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்து, இன்னும் மூன்று திருவிழாக்கள் கண்டார். கோவில் நிரம்பியிருந்ததால் குறைவு ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. முந்தானை முடிச்சைக் கவனித்து வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்தது.

இன்று நம் பங்குகளுக்குப் புதிய முகங்கள் வருகின்றன. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்திருக்கும் இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை கோவிலின் பின்வரிசையில் நிற்கிறார்கள். 'இந்திக்காரர்கள்' என்ற ஒரே சொல்லால் அவர்களைக் குறிப்பிட்டுவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். அவர்களுள் ஒடிசாவிலிருந்து வந்தவர் உண்டு; அசாமிலிருந்து வந்தவர் உண்டு. ஜார்க்கண்டின் ஓராவோன் பழங்குடியைச் சேர்ந்த கத்தோலிக்கரும் உண்டு. அவர்களது தாய்மொழி குடுக். அது நம் தமிழைப்போல் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்திக்காரர் என்று நாம் ஒதுக்கியவர், மொழி வழியில் நமக்குத் தூரத்து உறவினராக இருக்கிறார். ஒரு சொல் கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும். அவர்களுள் ஒருவர் நோயுற்றாலோ, கூலி கிடைக்காமல் தவித்தாலோ, திடீரென வராமல் போனாலோ, பின்வரிசை எப்போதும்போல் நிறைந்தே இருக்கும்.

பிரித்தறிவது என்றால் ஒதுக்கி வைப்பது என்று நம்மில் சிலர் அஞ்சுகிறார்கள். சாதியின் பெயரால் பிரிவினையைக் கண்டு புண்பட்ட சமூகம் நம்முடையது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் சாதி மனிதரைப் பிரித்தறிவதில்லை. ஆளைப் பார்க்காமலே அவரை ஒரு மூட்டையில் கட்டிப்போடுகிறது. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாக நற்செய்தி கூறும்போது, அங்கே மூட்டை அவிழ்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே வெளியே வருகிறது.

ஆகவே, அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உடனே வண்டியை எடுத்துவிடாமல், பின்வரிசைக்குச் செல்லுங்கள். அங்கே நிற்பவரிடம் அவருடைய பெயரையும், ஊரையும், வீட்டில் பேசும் மொழியையும் கேளுங்கள். மறு வாரம் அவர் வந்திருக்கிறாரா என்று பாருங்கள். வராவிட்டால், பெயர் சொல்லி விசாரியுங்கள்.